ஏழு நாள் மாத்திரை

ஆகஸ்ட் 1, வியாழன்

காலையில் ஒன்பது பேருக்கு ரத்தம் எடுத்து முடித்த பிறகு வத்சலா மேடம் அறைக்குக் கூப்பிட்டார். லேப் அவருடையது. பதினோரு வருடமாக அங்கே வேலை பார்க்கிறேன். என்னை உட்காரச் சொல்லிப் பேசியது இது இரண்டாவது முறை. முதல் முறை சீனியர் டெக்னீஷியன் ஆக்கியபோது.

"பாமா, தப்பா எடுத்துக்கக் கூடாது. ரெண்டு மூணு பேஷண்ட் சொல்லிட்டாங்க. நீங்க குனிஞ்சு ஊசி போடறப்ப வாயில வாடை வருதுன்னு."

காது இரண்டும் அடைத்துக்கொண்டன. மேடம் பேனா மூடியைத் திருகித் திருகி மூடினார். அவருக்கும் சங்கடம்தான்.

"பல்லுல ஏதாச்சும் இருக்கும். நல்ல டென்டிஸ்ட்டாப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க."

பல் என்றுதான் சொன்னார். வெளியே வந்து ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

பொய்யும் இல்லை. இரண்டு வருடமாகப் பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. கீழ் வரிசையில் முன்பல் ஒன்று நாக்கால் தள்ளினால் அசைகிறது. எனக்கு நாற்பத்து நாலு வயது. அம்மாவுக்கும் இந்த வயதில்தான் பல் விழ ஆரம்பித்தது.

இந்த டைரி மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. ஜனவரியிலிருந்து காலியாகக் கிடந்தது. யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் ஒன்றை எழுதி வைக்கிறேன். தூக்கத்துக்காக இரவில் பிராந்தி எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மூடி. போன வருடத்திலிருந்துதான். காலையில் கிராம்பு மென்றுவிட்டுத்தான் லேபுக்குப் போகிறேன். ஆகவே மேடம் சொன்ன வாடை அதுவாக இருக்க வாய்ப்பில்லை.

ஆகஸ்ட் 3, சனி

வடவள்ளி பஸ் ஸ்டாப் எதிரே மாடியில் இருக்கிற கிளினிக். டாக்டர் கௌசிக் ஈறு நோய்க்கென்றே தனியாகப் படித்தவராம். முப்பத்திரண்டு வயது இருந்தால் அதிகம். உதவிக்கு மலர் என்று ஒரு பெண்.

அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, டாக்டர் எண்களைச் சொல்லச் சொல்ல மலர் எழுதிக்கொண்டாள். "மூணு, நாலு, ஆறு. அஞ்சு, ஏழு, எட்டு." நான் நாள் முழுக்க எண்களோடு வாழ்கிறவள். மூன்றைத் தாண்டினாலே சரியில்லை என்பது அவர் குரல் இறங்கியதிலேயே புரிந்தது. வலது மேல் கடைவாயில் எட்டு மில்லிமீட்டர். எக்ஸ்ரேயில் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிற எலும்பு பாதி கரைந்து போயிருந்தது.

அப்புறம் கேள்விகள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, மாத்திரை எதற்காவது அலர்ஜி உண்டா. இல்லை, இல்லை, இல்லை. அடுத்த வரியில் புகையிலை, மது என்று அச்சடித்திருந்தது. அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோடாக இழுத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

"முதல்லயே ஆபரேஷனுக்குப் போக வேண்டாங்க. மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கு அடியில வேர் வரைக்கும் சுத்தம் பண்ணிடலாம். ரெண்டு நாள்ல முடிச்சிருவேன். முடிச்ச அன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும். ரெண்டு வகை. ஒரு நாளைக்கு மூணு வேளை, ஏழு நாள்."

"மாத்திரை மட்டும் போதாதுங்களா?"

"தண்ணித் தொட்டியில பாசி புடிச்சா என்ன பண்ணுவீங்க? மருந்தை ஊத்தினாப் போயிருமா? தேய்க்கணும். தேய்ச்சு விட்டதுக்கப்புறம் ஊத்தினாத்தான் மிச்சம் மீதி சாகும். எல்லாருக்கும் இந்த மாத்திரை எழுதறதில்லைங்க. உங்களுக்கு வயசுக்கு மீறி எலும்பு வேகமாக் கரையுது, அதனால சேர்த்துக் குடுக்கறேன்."

சீட்டில் அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் என்று எழுதினார். எழுதிவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டாவது மாத்திரைக்கு ஆம்பளைங்களா இருந்தா ஒரு கண்டிஷன் போடுவேன். உங்களுக்கு அது தேவையில்லை."

நானும் சிரித்தேன். அந்தக் கண்டிஷன் எனக்குத் தெரியும். மாத்திரை சாப்பிடுகிற நாளும், முடிந்து மூன்று நாளும் ஒரு சொட்டு கூடாது. மொத்தம் பத்து நாள். முடியாதா என்ன.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காந்திபுரம் போனேன். மாலுக்கும் போனேன். முகக்கவசம் போட்டிருந்தேன், தூசிக்கு.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை வாங்கியது எப்படித் தீர்ந்தது என்று தெரியவில்லை. மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டிருப்பேன்.

வர்ஷினி ப்ளஸ் டூ. டியூஷன் முடிந்து ஸ்கூட்டரில் கூட்டி வருகிறேன் என்றால், "வேண்டாம்மா, கீதா கூட வந்தர்றேன்" என்கிறாள். வந்ததும் நேரே சமையலறைக்குப் போய் கேஸ் அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறாள். இந்த வயதில் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பழக்கம் வரும்.

மஸ்கட்டிலிருந்து அவர் வீடியோவில் பேசினார். வாயைத் திறந்து பல்லைக் காட்டினேன். "என்ன புள்ள, இப்படி விலகிப் போச்சு" என்றார். ஐந்து நிமிடத்தில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வலது பக்கம் முடிந்தது. ஒன்றரை மணி நேரம். வலி இல்லை, ஆனால் சுரண்டுகிற சத்தம் மண்டைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. மலர் ஒவ்வொரு தடவையும் துடைத்துப் போட்ட பஞ்சில் ரத்தத்தோடு கறுப்பாகச் சில்லு சில்லாக ஏதோ வந்தது. இதையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் சாப்பிட்டேன்.

இன்று மட்டும். நாளையிலிருந்து கிடையாது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இடது பக்கமும் முடிந்தது. இரவு எட்டு மணிக்கு முதல் வேளை மாத்திரை இரண்டும் போட்டேன். நாக்கில் இரும்பைத் தடவின மாதிரி இருக்கிறது.

விருந்தாளிகள் வந்தால் எடுக்கிற பத்து லிட்டர் குக்கருக்குள் ஒரு பாட்டில் இருக்கிறது. அதைக் கொட்டலாமா என்று நினைத்தேன். கொட்ட என்ன அவசியம்? பத்து நாள்தானே, அது பாட்டுக்கு அங்கே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 14, புதன்

இரவு ஒரு கண்ணும் மூடவில்லை. தலையணை வியர்வையில் நனைந்துவிட்டது. மாத்திரை சூடு என்று நினைக்கிறேன்.

லேபில் முதல் ஆளுக்கே கை நடுங்கியது. அவருக்கு அறுபது வயது இருக்கும், சர்க்கரை பார்க்க வந்தவர், புடைத்த நரம்பு. பள்ளிக்கூடப் பையனுக்குக்கூட ஒரே தடவையில் எடுத்துவிடுவேன் நான். இரண்டு தடவை குத்தினேன், கிடைக்கவில்லை. மூன்றாவது குத்தலில் நரம்பைத் தாண்டிப் போய்த் தோலுக்கடியில் நீலமாக வீங்கிவிட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ரெஜினா என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், போன வருடம் வந்து சேர்ந்தவள். ஊசியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். "அக்கா, நீங்க லேபிள் ஒட்டுங்க, இன்னிக்கு நான் எடுக்கறேன்."

"மாத்திரை ரெஜினா. பல்லுக்குக் குடுத்தது. நடுக்கம் குடுக்குது."

"சரிங்கக்கா."

நாளை சுதந்திர தினம். அந்தக் கடையெல்லாம் மூடியிருக்கும். அந்த நினைப்பு எதற்கு வந்தது என்று தெரியவில்லை. எனக்கு நாளை எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

வர்ஷி கொடியேற்றத்துக்குப் போய்விட்டாள். லேபில் அரை நாள்தான், நான் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

குளியலறைச் சுவரில் எறும்பு. தரையிலிருந்து கீசர் வரைக்கும் தடியாக ஒரு சாரை. தண்ணீர் ஊற்றினேன், போகவில்லை. விளக்குமாற்றால் தள்ளினேன். வர்ஷி வந்து பார்த்தபோது நான் நனைந்த நைட்டியோடு சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தேனாம்.

"எறும்பா? எங்கேம்மா?"

"கண்ணு தெரியலையா உனக்கு? இதோ."

"ஒண்ணுமே இல்லம்மா."

அவள் சொன்ன பிறகு பார்த்தேன், இல்லை. லேபில் ரத்தம் எடுத்த டியூப்களைச் சுழற்றுகிற மிஷின் சத்தம் மட்டும் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளுக்குக் கேட்கிறதா என்று நான் கேட்கவில்லை.

"அப்பாவுக்குப் போன் பண்ணவா?"

"எதுக்கு? மாத்திரை ஒத்துக்கல. அவ்வளவுதான். நீ போய்ப் படி."

நெஞ்சு அடித்துக்கொள்கிறது. விரல் நுனியில் மாட்டுகிற மிஷினில் பார்த்தேன், நாடித்துடிப்பு 128. பேனா நிற்கவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நேற்று சாயங்காலம் வாந்தி. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

இப்போது எழுத முடிகிறது.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு வர்ஷி மாடியில் துணி எடுக்கப் போனபோது குக்கரைத் திறந்தேன். நடுக்கம் நிற்க மட்டும், இரண்டு மூடி. பத்து நிமிடத்தில் முகமும் கழுத்தும் தீயாக எரிந்தன. கண்ணாடியில் பார்த்தால் காது வரைக்கும் சிவந்திருந்தது. நெஞ்சு தொண்டைக்குள் வந்து அடிக்கிற மாதிரி இருந்தது. வாஷ்பேசின் வரைக்கும் போக முடியாமல் வழியிலேயே வாந்தி. அப்புறம் இன்னொன்று. சுத்தம் பண்ணின ஈறுகளில் வாந்திப் புளிப்பு பட்டு எரிந்தது. வர்ஷி தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாடை தெரிந்திருக்காது, வாந்தி வாடைதான் தூக்கலாக இருந்திருக்கும்.

இரண்டு மூடி என்று மேலே எழுதியிருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

யோசித்துப் பார்த்ததில், அந்த இரண்டாவது மாத்திரைதான் எல்லாப் பிரச்சினைக்கும் காரணம். முதல் மாத்திரையை மட்டும் தொடர்ந்தால் போதும். சுத்தம்தான் முக்கியம் என்று டாக்டரே சொன்னார்.

ஆனால் வர்ஷி மாத்திரையைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். வேளைக்கு வேளை இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரோடு எதிரே நிற்கிறாள். ஒன்றை விழுங்கிவிட்டு இன்னொன்றைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்கிறேன். புண்ணான ஈறின் மேல் அது கரைய ஆரம்பிக்கும். அந்தக் கசப்பு வாழ்நாளில் மறக்காது. அவள் அறைக்குப் போனதும் வாஷ்பேசினில் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கிறேன்.

இன்று கை நடுங்கவில்லை. ஏன் என்பதை எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்றோடு மாத்திரை முடிந்தது. காலி அட்டைகளை வர்ஷி குப்பையில் போடுவதற்கு முன் ஒவ்வொரு குழியாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் சாப்பிட்டாச்சில்லம்மா?"

"உன் முன்னாடிதான சாப்பிட்டேன்."

டாக்டர் போன் பண்ணி விசாரித்தார். ஒரு தொந்தரவும் இல்லைங்க டாக்டர் என்றேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

தெரிந்த ஒரு அம்மாவின் ரத்தத்தை இன்று மதியம் மிஷினில் ஓட்டினேன். கோமதி, வயது 50 என்று பதிவு செய்தேன். ரெஜினா சாப்பிடப் போயிருந்தாள்.

கல்லீரலுக்கான ஜிஜிடி 312. நாற்பதுக்குள் இருக்க வேண்டியது. மிஷின் தவறோ என்று இரண்டாவது தடவை ஓட்டினேன். 309.

ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்கவில்லை. ரெஜினா உள்ளே வந்து திரையைப் பார்த்துவிட்டாள். "யாருக்கா கோமதி? டோக்கன் லிஸ்ட்ல இல்லையே."

"எங்க தெருக்காரங்க. ரத்தத்தைக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

ரெஜினா என் இடது கை மடிப்பைப் பார்த்தாள். ஒட்டியிருந்த பஞ்சை எடுக்க மறந்துவிட்டேன். "அந்த அம்மாவ டாக்டர்கிட்டப் போகச் சொல்லுங்கக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கோமதி அம்மாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

செப்டம்பர் 10, செவ்வாய்

வலது கடைவாயில் மறுபடி சீழ். விரலால் அழுத்தினால் வருகிறது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

லேபுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நினைவில்லை. இன்று புதன் என்று வர்ஷி சொல்கிறாள்.

செப்டம்பர் 28, சனி

ஆறு வாரம் கழித்து வரச் சொன்ன நாள். வர்ஷிக்குக் காலாண்டுத் தேர்வு நேற்றோடு முடிந்துவிட்டது, கூட வருவேன் என்று பிடிவாதம். வேண்டாம் என்றால் சந்தேகப்படுவாள்.

மறுபடி அந்தக் கம்பி, மறுபடி எண்கள். மேல் முன்வரிசையில் மூன்று, நான்கு என்று சொல்லிக்கொண்டு வந்தார், குரல் சந்தோஷமாக இருந்தது. வலது மேல் கடைவாய்க்கு வந்ததும் நிறுத்தினார். "எட்டு" என்றார். மலர் எழுதாமல் நிமிர்ந்தாள். "எட்டுதான், எழுது."

கீழ் முன்பல்லை விரலால் அசைத்துப் பார்த்தார். அது எல்லாப் பக்கமும் ஆடியது. இதை இனி வைத்திருக்க முடியாது என்று அங்கேயே எடுத்துவிட்டார். பிடுங்குவதற்கு ஒன்றுமே இல்லை, தொட்டதும் வந்தது. தட்டில் டங்கென்று விழுந்தது. வேர் நுனிவரை மஞ்சளாக இருந்தது.

டாக்டர் பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "மாத்திரை ஏழு நாளும் விடாம சாப்பிட்டீங்கல்ல?"

"ஆமாங்க டாக்டர்."

"வாந்தி, பேதி எதுவும் இல்லையே?"

"இல்லைங்க."

சுவர் ஓரமாக நாற்காலியில் இருந்த வர்ஷி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்படின்னா என் கையிலதான் தப்பு" என்றார் டாக்டர். "அந்தப் பக்கம் வேர் பிரியற இடத்துல நான் சரியா எடுக்காம விட்டிருக்கணும். இன்னும் நாலு பேருக்கு இதே மாதிரி பண்ணியிருக்கேன், அவங்களையும் கூப்பிட்டுப் பார்த்தர்றேன். உங்களுக்கு ஈறைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். மாத்திரையும் வேற மாத்தறேன். மன்னிச்சுக்குங்க."

இருபது வருடமாக டாக்டர்களோடு வேலை பார்க்கிறேன். தப்பு என் பேரில் என்று ஒருத்தர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்கவில்லை. வர்ஷி ஒரு காகிதப் பொட்டலத்தை என் முன்னால் வைத்துப் பிரித்தாள். பாதி கரைந்து காய்ந்துபோன மாத்திரைகள். ஐந்தோ ஆறோ.

"வாஷ்பேசின் ஜல்லடையில ஒட்டிட்டு இருந்துச்சு. நீ துப்பறது எனக்குத் தெரியும். ஏன் துப்பறேன்னும் தெரியும்."

"அது ஒத்துக்காம..."

"ம்மா." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "பெரிய குக்கர்ல இருக்கறது நான் ஆறாவது படிக்கறப்பவே தெரியும். அதுக்கு முன்னாடி துணி பீரோவுல இருந்துச்சு."

பல் எடுத்த குழிக்குள் நாக்கு தானாகப் போய்ப் போய் வந்தது.

"நீ விடணும்னு நான் சொல்லலம்மா. சொல்லிப் பிரயோஜனமில்லன்னு தெரியும். ஆனா அந்த டாக்டர் தன் மேலதான் தப்புன்னு நினைச்சிட்டு இருக்கார். இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டுப் பார்க்கப் போறார். உன் ஈறை அறுக்கப் போறார். அவர்கிட்ட மட்டும் சொல்லிரு."

"வெளிய தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா? ஒரு பொம்பளை... லேபுல வச்சிருப்பாங்களா? அப்பா என்ன சொல்லுவார்?"

"எனக்குத் தெரியாது."

"நீ யாருகிட்டயாவது சொன்னியா?"

"யாருகிட்டச் சொல்றது?"

இதை அவள் கேட்ட விதம். பதினேழு வயதுப் பெண் அப்படிக் கேட்கக் கூடாது.

தட்டுகளை அவளே எடுத்துக் கழுவினாள். அவள் கழுவி முடிக்கிறவரை நான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் எடுத்துக்கொள்ளாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆறரை மணிக்கு எடுத்துக்கொண்டேன். அவள் ஹாலில் இருக்கும்போதே, ஒளிக்காமல். அவள் டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

செப்டம்பர் 30, திங்கள்

கிளினிக் வரைக்கும் போனேன். படியில் ஒரு குடும்பம் இறங்கி வந்தது. திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

லேபுக்குப் போகாமல் பத்து மணிக்கே கிளினிக்குக்குப் போனேன். காலையில் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. ஈறைத் திறக்கத் தேதி கேட்க வந்ததாக டாக்டர் நினைத்துக்கொண்டு நாற்காலியில் சாயச் சொன்னார். விளக்கை முகத்தின் மேல் இழுத்தார். படுத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? எழுந்து உட்கார்ந்தேன்.

"என்னங்க?"

"டாக்டர், நான் குடிக்க..."

"மலர், தண்ணி குடு" என்றார். மலர் காகிதக் கப்பில் தண்ணீர் கொண்டுவந்து கையில் வைத்தாள். கை ஆடிப் பாதித் தண்ணீர் மடியில் கொட்டியது. மீதியைக் குடித்தேன். இப்படியே நன்றி சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. கப்பை நசுக்கினேன்.

"தண்ணி இல்லைங்க டாக்டர். பிராந்தி. நான் தினமும் பிராந்தி குடிக்கிறவ."

மலர் நகரவே இல்லை. டாக்டர் விளக்கை அணைத்தார். முகக்கவசத்தைக் கழற்றினார். அவர் முகம் இவ்வளவு சின்னப் பையன் முகம் என்று இன்றுதான் பார்த்தேன்.

"மாத்திரை சாப்பிட்ட வாரமுமா?"

"முதல் ரெண்டு நாள் சுத்தமா நிறுத்தினேன். மூணாவது நாள் முடியல. அப்புறம் அந்த மாத்திரையைத் துப்பிட்டேன். முதல் மாத்திரை மட்டும்தான் உள்ள போச்சு."

"நிறுத்தின அந்த ரெண்டு நாள் என்ன ஆச்சு?"

நடுக்கம், வியர்வை, எறும்பு, மிஷின் சத்தம், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கே வேறு யாரோ சொல்வது போல இருந்தது. அவர் முகம் மாறியது.

"தினமும் எவ்வளவுங்க?"

"அரை பாட்டில். சில நாள் மேலயும்."

"எத்தனை வருஷமா?"

"எட்டு வருஷம்."

இந்த நோட்டில்கூட நான் எழுதாத எண் அது.

"திடீர்னு நீங்களா நிறுத்தியிருக்கீங்க. அதுல ஃபிட்ஸ் வரலாம், உயிரே போகலாம். வீட்டுல ஸ்கூல் போற பொண்ணு மட்டும்தான் இருந்திருக்கு." விளக்கின் கையை ஓரமாகத் தள்ளினார். "நான் கேட்டிருக்கணும். கேக்காமயே கோடு போட்டுட்டேன்."

"கேட்டிருந்தாலும் இல்லன்னுதான் டாக்டர் சொல்லியிருப்பேன்."

அவர் எனக்கு முன்னாலேயே யாருக்கோ போன் செய்து பேசினார். வாயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அந்தப் பல் இன்னும் சில மாதம் தாங்கும், முதலில் இதற்கு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்றார். இன்று சாயங்காலமும் நாளையும் நானாக நிறுத்திவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஒரு டாக்டர் என்னைக் குடிக்கச் சொல்லி அனுப்புகிறார். படி இறங்கும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மலர் கீழே ஆட்டோ வரைக்கும் வந்து ஏற்றிவிட்டாள்.

அக்டோபர் 3, வியாழன்

சேர்ந்துவிட்டேன். பெண்களுக்கு இந்த வார்டில் மூன்று கட்டில்தான். நடத்துகிற அம்மா, "பொம்பளைங்க வர்றதே இல்லைங்க, அதான்" என்றார். மற்ற இரண்டும் காலி.

வத்சலா மேடத்திடம் என்ன சொல்வது என்று தெரியாமல் ரெஜினாவுக்குப் போன் பண்ணினேன். "அந்தக் கோமதி அம்மா ஆஸ்பத்திரியில சேர்ந்துட்டாங்க ரெஜினா."

"சந்தோஷங்கக்கா" என்றாள். "மேடத்துகிட்ட லீவு மட்டும் சொல்றேன். மத்ததை நீங்க வந்து சொல்லுங்க."

வர்ஷி ரெஜினா வீட்டில் தங்குகிறாள், ரெஜினாவே கேட்டாள். வர்ஷி அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

அக்டோபர் 5, சனி

மோசமான நாள். எழுத முடியவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

நேற்று முதல் சோறு உள்ளே தங்குகிறது. நடுக்கம் போய்விடவில்லை. குறைந்திருக்கிறது என்று நர்ஸ் சொல்கிறாள், எனக்கு அப்படித் தெரியவில்லை. காலையில் மஸ்கட்டுக்குக் கூப்பிட்டு அவரிடம் பேசினேன். முதலில் புரியவில்லை அவருக்கு. புரிந்த பிறகு லைன் கட்டாகிவிட்டது, அல்லது கட் பண்ணிவிட்டார். மறுபடி கூப்பிடவில்லை. வேலை இருக்குமா என்றும் தெரியாது. இங்கேயிருந்து போய் எத்தனை நாள் தாங்குவேன் என்றும் தெரியாது. மாலில் அந்தக் கடைக்கு ஏறுகிற எஸ்கலேட்டர் கண்ணை மூடினாலும் தெரிகிறது.

நாலரை மணிக்கு வர்ஷி யூனிஃபார்மோடு வந்தாள். கட்டிலில் உட்காராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ரெஜினா வீட்டில் சாப்பாடு காரம் என்றாள். பஸ் நேரம் சரியாக இருக்கிறது என்றாள். அப்புறம் பையிலிருந்து ரேங்க் கார்டை எடுத்துப் போர்வை மேல் வைத்துப் பேனாவை நீட்டினாள்.

"காலாண்டு மார்க். நாளைக்குக் குடுக்கணும். கையெழுத்துப் போடு."

இயற்பியலில் அறுபத்தொன்று. மற்றதெல்லாம் எண்பதுக்கு மேலே. முந்தின இடைப்பருவத் தேர்வு வரிசையில் பெற்றோர் என்ற கட்டத்துக்குள் சத்தியபாமா என்று என் கையெழுத்து இருந்தது. ச வட்டமாக, மா-வின் வால் நீளமாக, நான் போடுகிற மாதிரியே. அதை எப்போது போட்டேன் என்று யோசித்தேன்.

"இது நான் எப்பப் போட்டேன்?"

"நீ போடல" என்றாள். "ஒன்பதாவதுலருந்து நான்தான் போடறேன். சாயங்காலம் நீட்டினா உனக்குப் பேனா புடிக்க வராது. காலைல நீட்டினாக் கத்துவ."

நாலு வருடத்துக் கார்டுகள். ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இதையும் நீயே போட்டிருக்கலாமே."

"போட்டிருக்கலாம்."

கார்டை முழங்காலில் வைத்து இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போட்டேன். ச உடைந்துபோய் வந்தது. பாமா கட்டத்தைத் தாண்டிக் கீழே சரிந்து தேதியின் மேல் ஏறிவிட்டது. மேலே அவள் போட்டது அழகாக, கீழே நான் போட்டது இப்படி. இரண்டையும் பார்க்கிற யாரும் கீழே இருப்பதுதான் கள்ளக் கையெழுத்து என்பார்கள்.

"உங்க மிஸ் நம்ப மாட்டாங்க வர்ஷி. எதும்மா உங்கம்மா போட்டதுன்னு கேப்பாங்க."

அவள் மை காயட்டும் என்று கார்டை இரண்டு தடவை விசிறினாள். பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள்.

"கோணலா இருக்கறதுன்னு சொல்றேன்."